அம்மா இறங்கிய ஜீப்பு

எங்கள் வீட்டில் ஏலக்காய்த் தோட்டம் வாங்கியதோடு அம்மா மலைக்குப் போவது நின்றுபோனது. அதுவரை விடிகாலையில் கூலி ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே போய், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொண்டு காய் எடுத்தவள். அப்பா ஏலக்காய்த் தரகில் விழுந்து எழுந்துகொண்டிருந்த காலமெல்லாம் எங்கள் வயிறு நிறைந்தது அவள் கூலியில்தான். பிறகு விலை ஏறியது, அப்பா நிமிர்ந்தார், தோட்டம் வந்தது. பத்திரத்தில் அம்மா பெயரையும் சேர்க்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"முதலாளி வீட்டுப் பொம்பள கூலிக்காரிகளோட ஜீப்புல தொங்கிட்டுப் போனா, ஊரு என்னையத்தான காறித் துப்பும்?" என்றார் அப்பா. அண்ணன் மட்டும் வாரம் தவறாமல் தோட்டத்துக்குப் போய்வந்தான். பழுத்த காய்க்கும் பிஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாத மகராசன். ஆனால் ஆம்பளையாயிற்றே!

அம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "சும்மா ஒக்காந்து திங்க எனக்கு முடியலடி. நம்ம தோட்டத்துல ஒரே ஒரு நா காய் எடுத்துட்டு வந்துர்றேன். அப்பாகிட்ட சொல்லிராத" என்றாள்.

அப்பா மதுரைக்குப் போன அன்று, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். எங்கள் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் அவளோடு வருஷக்கணக்கில் காய் எடுத்தவர்கள். ஏறி உட்கார்ந்தாள்.

டிரைவர் இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "எறங்கிருங்கம்மா. முதலாளிக்குத் தெரிஞ்சா என் சோலி போயிரும்."

அம்மா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். மதினி மதினி என்று அம்மாவோடு ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடித்தவள் அவள். "வேணாம் முதலாளியம்மா, நாளைக்கு எங்களையும் ஏத்த மாட்டாக" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா இறங்கிவிட்டாள். அழுதிருந்தாலாவது எனக்குத் தேவலை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களும் தோட்ட முதலாளிகள். "எங்க வீட்டுப் பொம்பளைங்க மலைப்பக்கம் கால் வச்சதே இல்ல" என்று அப்பா பெருமையடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்பவாவது வாயைத் திறம்மா என்று அம்மாவையே பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அவள் பக்கம் திரும்பி, "அப்படியா மதினி?" என்றார்.

"ஆமா" என்றாள் அம்மா. "எம் மகளையும் அப்படித்தான் வளத்துருக்கேன்."