சித்தப்பாவின் நீலச் சட்டை

விசாரணையாம், பெரிய விசாரணை! இன்றைக்கும் டிவி செய்தியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ஏம்மா இப்புடிக் கத்துறீங்க?" என்று மகள் கேட்பாள். கத்தாமல் என்ன செய்ய?

அது இலங்கையில் யுத்த காலம். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். மாத்தளை டவுனில் பலசரக்குக் கடையில் வேலை பார்த்த சித்தப்பாவை, அடையாள அட்டை இல்லையென்று ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தோட்டத்தில் பாதிப்பேருக்கு அட்டை கிடையாது; கொடுக்கத்தான் அரசாங்கத்துக்கு மனசில்லையே! தடுப்பு முகாமில் போட்டார்கள். கொஞ்ச நாளில் அங்கே கலவரம் என்றார்கள். அதற்குப் பிறகு ஆணியடித்த பெட்டியில்தான் சித்தப்பா வந்தார். திறக்கக் கூடாது என்று உத்தரவு. கூடவே ஒரு பையில் அவருடைய நீலச் சட்டை வந்தது. அதன் முதுகில் ஒரு ஓட்டை, சுற்றிலும் இரத்தம்.

செத்தவர் உடுத்தியிருந்ததை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் வைப்பதில்லை. ஆனால் முகத்தைக்கூடக் காட்டாமல் புதைக்க வைத்துவிட்டார்களே, அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கருமாதிப் படையலில் அந்தச் சட்டையை வைத்தே தீர வேண்டும் என்று நின்றாள். கிழிந்த துணியைப் படையலில் வைக்கலாமா? ஊறப்போட்டுத் துவைத்து, அதே நிறத்தில் நூல் தேடி, ஓட்டையை இழை இழையாக அடைத்தாள்.

விசாரணை அதற்குப் பிறகுதான் வந்தது. தோட்டத்து ஆபீசில் ஒரு ஆமி அதிகாரி, பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர். முகாமில் இருந்தவர்கள் காவலுக்கு நின்றவர்கள் மேல் பாய்ந்தார்களாம், எதிரே வந்தவர்களைத்தான் சுட்டார்களாம். அதுதான் அவர்கள் கதை.

"பொய்ங்க மாத்தயா! முதுகுல சுட்டிருக்காங்க. இந்தாங்க, சட்டையப் பாருங்க," என்றார் அப்பா. அந்த ஆபீசில் அவர் குரலை உயர்த்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதிகாரி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை எங்கே என்று கேட்டார்.

"தச்சிட்டேங்க," என்றாள் அம்மா. "படையலுக்கு வச்சோம்ங்க. அதான்..."

அதிகாரி தையலைக் கட்டைவிரலால் தடவிவிட்டுச் சிரித்தார். சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்: "பழைய கிழிசல்னு எழுதிக்கிறோம். ஆனா தையல் ரொம்ப நல்லா இருக்காம், மாத்தயா சொல்றாரு."

பாவி! அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித்தான் சிரிப்பு வந்ததோ!

இந்தக் கோபமெல்லாம் இன்றைக்கு. அன்றைக்கு எனக்கு ஏழு வயது. லயத்துக்குத் திரும்பும் வழியில் குதித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். "எங்கம்மா தையல் நல்லா இருக்குன்னு ஆமி மாத்தயாவே சொன்னாரு!" என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அம்மா எட்டிப் பிடித்து என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். பிறகு அங்கேயே பாதையில் உட்கார்ந்து என்னைவிடச் சத்தமாக அழுதாள். அடி வாங்கியது நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.