ஏழு பத்துக்கு வந்த கல்

பொன்மலை ரயில்வே பணிமனையில் அற்புதசாமி இருபத்தாறு வருஷம் சங்கு ஊதினார். அதைக் கேட்டுத்தான் எங்கள் தெருவே கடிகாரத்தைத் திருத்தும். ஒரு நிமிஷம் பிசகியதில்லை. இதை நாம் கேட்காவிட்டாலும் அவரே சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு எல்லார் கையிலும் செல்போன். நேரம் கேட்க ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மனிதர் அதில் நொறுங்கிப்போனார்.

போன மாசம் ஒரு செய்தி படித்தார். பஸ் அளவுள்ள ஒரு விண்கல் பூமிக்குப் பக்கத்தில் வருகிறதாம். பக்கம் என்றால் நாலு லட்சம் கிலோமீட்டர். நம்மைப்போலவே சூரியனைச் சுற்றுகிற கல். மறுபடி இந்தப் பக்கம் வர இருபத்திரண்டு வருஷம் ஆகும். நேரம் 19:10 என்று போட்டிருந்தது. ரயில்வேக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? தெரு வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டார்: "மாலை 7.10. என் வீட்டு மொட்டை மாடி. கல் யாருக்காகவும் காத்திருக்காது."

தெருவே திரண்டது. அவர் மனைவி வியாகுலம்மாள் முப்பது பேருக்குச் சுண்டல் அவித்திருந்தார். ஏழு ஒன்பதுக்கு, கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பக்கத்து வீட்டு தேவதர்ஷினி அவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், அது கிரீன்விச் நேரங்க. நமக்கு ராத்திரி பன்னெண்டு நாப்பது. அப்பவும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

அற்புதசாமி கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷ மானம். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார், பாவம். அதற்குள் விமான நிலையப் பக்கமாக ஒரு வெளிச்சம் இறங்கியது.

"அண்ணே, வந்துடுச்சு!" எதிர்வீட்டுக்காரர் ஆண்டி கத்தினார்.

தினமும் தலைக்கு மேல் விமானம் போகிற தெருதான். ஆனால் விண்கல் பார்க்க வந்தவர்கள் விமானத்தையா பார்ப்பார்கள்? எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சுண்டல் சாப்பிட்டவன் வேறென்ன செய்ய?

அற்புதசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஏழு பத்து.

"ஆமா. இனி இருபத்திரண்டு வருஷம் கழிச்சுத்தான் வரும்" என்றார்.

மறுநாள் நாலு பேர் அவரிடம் நேரம் கேட்டார்கள். மனிதர் இஸ்திரி போட்ட சட்டையில் தெருவில் உலாவினார். சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் நிற்கும்போது ஆண்டி வானத்தைக் காட்டி அலறினார்.

"அண்ணே! கல்லு திரும்பி வந்துடுச்சு!"

தெருவே அவர் முகத்தைப் பார்த்தது. அற்புதசாமி நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பன்னிரண்டு.

"ரெண்டு நிமிஷம் லேட்டு" என்றார்.