கறுப்பு பானெட்டில் வட்டம் வட்டமாய்

பொதுமக்கள் கவனத்துக்கு: எங்கள் கறுப்புக் கார் இன்று செங்கல்பட்டில் மெஷின் பாலிஷ் போட்டுக்கொண்டு புதுமாப்பிள்ளை ஆனது. துலங்கியது கார், துப்புத் துலக்கியவன் நான்.

பாலிஷ் கடை அண்ணன் டியூப்லைட்டை பானெட் அருகே பிடித்தார். "இன்னா சார், மண்ணோட வச்சுத் தேச்சிகீறாங்க? வட்டம் வட்டமா கீது பாரு."

"யாருடா தொடச்சது?" என்றார் அப்பா.

"ஏழுமலை அண்ணாதானேப்பா டெய்லி தொடைக்கிறாரு" என்றேன், பட்டென்று.

ஏழுமலை அண்ணா எங்கள் குவார்ட்டர்ஸில் கார் கழுவுபவர். அப்பா அங்கிருந்தே செல்போனில் அழைத்தார். "நாளைலேர்ந்து வராதப்பா. பிளாக்குல மத்தவங்ககிட்டயும் சொல்லிடறேன்."

"சார், தண்ணி ஊத்தாம நான் துணியே வைக்கமாட்டேன் சார்" என்ற குரல் எனக்கும் கேட்டது.

மெஷின் சுற்றச் சுற்ற வட்டங்கள் மறைந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து திரும்பியதும், மணல் படிந்த பானெட்டைப் பழைய பனியனால் வறட்டு வறட்டென்று தேய்த்தது நான்தான்.

அப்பா ஹாலில் டிவி பார்க்கிறார். மச்சான்களே, முதலில் அவரிடம் போகவா, ஏழுமலை அண்ணாவிடம் போகவா? "சும்மா இரு" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். உடனே சொன்னபடி கேட்டுவிடுவேன்.