நின்றால் உயிர் போகும்

மென்பொருள் வேலைக்கு நடுவே, வீட்டுக்கும் சொல்லாமல் ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தேன். திருத்தணி மலைப்படிகளில் ஒருவன் ஓட வேண்டும். நின்றால் ஓர் உயிர் போகும். அது தேறினால் வேலையை விட்டுவிடுவதாக எண்ணம்.

விளையாடிப் பார்த்த நண்பர்களோ இரண்டே நிமிடத்தில் மூடிவிட்டார்கள். காரணம் புரியாத எரிச்சலில், ஒரு காலை மடிக்கணினியோடு அந்தப் படியிலேயே போய் உட்கார்ந்தேன்.

வேண்டுதலுக்காக ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தபடி என் வயதுப் பெண் ஒருத்தி ஏறி வந்தாள்.

"கொஞ்சம் நகருங்க," என்றவள் திரையைப் பார்த்தாள். "நம்ம படிதான? ஏன் ஓடிகினே இருக்கான்?"

"நின்னா செத்துடுவான்."

"யாரு சொன்னது?"

"நான்தான் அப்படி வச்சேன்."

அவள் குனிந்து என் படிக்கும் பொட்டு வைத்தாள். "நான் ஒவ்வொரு படியிலயும் நின்னுதான் வரேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போனாள்.

அங்கேயே உட்கார்ந்து, நின்றால் உயிர் கூடும் என்று மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. அடுத்த வாரம் அதே நண்பர்களில் ஒருவன் அரை மணி நேரம் விளையாடினான்.

எழுதிய ராஜினாமாக் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. விளையாட்டில் 'நின்றால் உயிர் போகும்' என்ற அந்த ஒரு வரி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்குள் அதை எங்கே எழுதி வைத்தேன் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.