இன்குபேட்டரின் வாக்குமூலம்

பெங்களூரு வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்து, முட்டை பொரிக்கும் இன்குபேட்டரை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி செய்யப் போகிறேன் என்றபோது, அதை வாங்க முன்வந்த ஒரே மனிதர் என் மாமனார். ரெட்டியார்சத்திரத்தில் வீட்டின் பின்பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறார். தீவனக் கடையும் உண்டு. என் மேல் நம்பிக்கை வைத்தெல்லாம் வாங்கவில்லை. மகள் முகம் கோணக்கூடாது என்று வாங்கினார்.

பெட்டி அடிக்கடி உறைந்து நின்றது. நின்றால் சூடு இறங்கிவிடும். ஒரு ஈடு முட்டை முழுக்கக் கூமுட்டையாகப் போனது. மாமனார் மரியாதை குறையாமல் சொன்னார்: “இன்னொரு ஈடு கெட்டுச்சுன்னா பெட்டியக் கழட்டிப்புடலாம் மாப்ள. நீங்க நம்ம கடையில வந்து உக்காந்துக்கங்க.” நினைத்தாலே மூச்சு முட்டியது. தவிட்டுத் தூசி மட்டும் காரணமல்ல, அங்கே நாள் முழுக்க மாமனாரும் இருப்பார்.

ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிக்க அதன்பிறகு ஒரு வழி வைத்தேன். பெட்டி உறைகிற நொடியில், கடைசியாக நடந்ததையெல்லாம் மெமரியின் ஒரு மூலையில் எழுதிவிட்டுச் சற்றுப் பொறுத்துத் தானே மறுபடி எழும். எழுந்ததும் அந்தக் குறிப்பை எடுத்துப் பத்திரப்படுத்தும். ஒரே நிபந்தனை, நடுவில் கரண்ட் போகக்கூடாது. போனால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். இதை மாமனாரிடம் விளக்கினேன், நன்றாகத் தலையாட்டினார். அடுத்த முறை திரை உறைந்ததும் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பச் சொருகியதும் பெட்டி ஓடியது. வைத்தியம் பலித்துவிட்டதென்று எனக்கே போன் போட்டுச் சொன்னார்.

பிளக்கை டேப் சுற்றி ஒட்டி வைத்தேன். மெயின் சுவிட்சை இறக்கினார். கேட்டதற்கு, “நீங்க சொன்னபடி பிளக்கத் தொடவே இல்லையே மாப்ள” என்றார்.

“கொலை நடந்த எடத்தக் கழுவி விட்டுட்டு போலீசக் கூப்புட்ற மாதிரி இருக்கு மாமா” என்று ஒரு நாள் பொறுமை இழந்து சொல்லிவிட்டேன். அது அவருக்குப் புரிந்தது. “அப்ப சாகுறதுக்கு முன்னாடி வாக்குமூலம் குடுக்குதுங்கிறீங்க” என்றார். முதல் முறையாகப் பெட்டியை மரியாதையுடன் பார்த்தார்.

ஆனாலும் அவர் கையை நான் நம்பவில்லை. என் மாமியாரான அத்தையிடம் காவல் பொறுப்பை ஒப்படைத்தேன். அடுத்த முறை உறைந்தபோது அத்தை சுவிட்ச் போர்டை மறைத்து உட்கார்ந்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, “செத்த நேரம் சும்மா இருங்க” என்று அவரைத் தடுத்துவிட்டார். பெட்டி தானே எழுந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமனார் சட்டை போட்டு, விபூதி பூசி, வாக்குமூலம் கேட்கத் தயாராக நாற்காலியில் இருந்தார். லேப்டாப்பை இணைத்துப் படித்தேன். வரிக்கு வரி ஒரே விஷயம்: பட்டன், பட்டன், பட்டன். கடைசி வரியில் மெமரி தீர்ந்துபோயிருந்தது.

சூடு எவ்வளவு என்று காட்டப் பெட்டியில் ஒரு பட்டன் உண்டு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் துளி மெமரியை எடுத்துக்கொண்டு திருப்பித் தராத பிழை என் புரோகிராமில் இருந்தது. சாதாரண மனிதர் யார் அமுக்கியிருந்தாலும் அது வெளியே தெரிந்திருக்காது. இவர் போகும்போதும் வரும்போதும், பல் துலக்கிக்கொண்டும் அமுக்கியிருக்கிறார்.

“இம்புட்டு தடவையா அமுக்குனீக?” என்றார் அத்தை.

“சும்மா பாத்தேன்.”

“நம்பாமப் பாத்தீக.” அத்தை வெங்காயத் தட்டைக் கீழே வைத்தார். “உப்புப் போட்டியா, கதவச் சாத்துனியா, கேஸ அணச்சியானு என்னையும் இப்படித்தான கேக்குறீக. இந்தப் பெட்டிக்கு நின்னு போகவாச்சும் தெரிஞ்சிருக்கு. எனக்கு அது தோணாமப் போச்சு.”

எனக்கு வந்த சிரிப்பு வருத்தமாகிவிட்டது. மாமனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பெட்டி இருக்கட்டும் மாப்ள” என்றார்.

பிழையைத் திருத்தினேன். அதன்பிறகு பெட்டி நிற்கவில்லை, கடையில் உட்காரும் பேச்சும் எழவில்லை. மாமனார் இப்போது பட்டனைத் தொடுவதில்லை. அத்தையிடமும் எதையும் கேட்பதில்லையாம். ஆனால் கேட்காமல் அவரால் இருக்க முடியுமா? நான் குளித்தாலும் சாப்பிட்டாலும் போன் அடிக்கிறது.

“மாப்ள, சூடு சரியா இருக்கா?”

நான் இருப்பது திண்டுக்கல்லில். பெட்டி அவர் கண்ணெதிரில் இருக்கிறது.

“சரியா இருக்கு மாமா” என்கிறேன்.