அமெரிக்காவுக்கு எழுதிய கடிதம்

2009இல், நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த டூங்கபியில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள், ஓர் ஆங்கிலக் கடிதம் கணினியில் தட்டித் தரும்படி என்னிடம் வந்தார். அவருடைய தங்கை வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தாள். மூன்று வாரமாக அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

கடிதம் ஓர் அமெரிக்க அரசியல்வாதிக்கு. பல தடவை தேர்தலில் வென்று, பிறகு இராணுவத் துறையின் நிர்வாகப் பொறுப்புக்குப் போனவர். அவர் எந்தெந்தக் குழுவில் இருந்தார், எதற்கு வாக்களித்தார் என்பதெல்லாம் அங்கிளுக்கு மனப்பாடம்.

"அரசியலும் தெரியும், ஆமியும் தெரியும். இந்தாள் ஒரு சொல் சொன்னால் சண்டையை நிப்பாட்டுவாங்கள், பிள்ளை."

எனக்கு நம்பிக்கை இல்லை. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்.

சண்டை முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அங்கிள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நான்தான் வாசித்துச் சொன்னேன். கடிதத்துக்கு நன்றி, அவர் அந்தப் பதவியிலிருந்து விலகிவிட்டார் என்று எழுதியிருந்தது.

"விலகிட்டாரோ?"

"ஓம், அங்கிள்."

கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "அப்ப இப்ப அந்தக் கதிரையில ஆர்?" என்று கேட்டார்.

தேடிப் பார்த்துப் பெயரைச் சொன்னேன். அன்று பின்னேரமே, தங்கையைக் கண்டுபிடித்துத் தரும்படி அந்தப் புதியவருக்கும் எழுதி அனுப்பினோம். அதற்குப் பதில் வரவே இல்லை. தங்கைக்கு என்ன நடந்தது என்பதும் தெரியவரவில்லை. அங்கிளைக் காணும்போதெல்லாம் என்ன சொல்வதென்று தெரியாமல், வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி விலகிப் போவேன்.