பெருநாள் மெச்சும் கலியாணம் முடிக்காத நானும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதிலும் பாதி நாட்கள் மைதானத்தில். இதுவரை நான் எழுதியதில் ஊரார் வாசித்தது, என் கடை வாசலில் தொங்கும் "இன்று ஐஸ் இல்லை" என்ற பலகை மட்டும்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கப்படுகிற ஒருவன் புத்தகம் வாசிக்கிறவர்கள் முன்னால் வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற ஒரே தைரியத்தில் துணிகிறேன்.

கொழும்பில் ஒரு கிளப்புக்குப் பதினொரு வருடம் உதைபந்தாடினேன். அதுதான் என் தொழில். இடது பக்கப் பின்வரிசை. கோடு ஓரமாக ஓடுகிற இடம், அதிகம் பேர் பார்க்க மாட்டார்கள் என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. என் படம் ஒரு தடவை பத்திரிகையில் வந்தது. கீழே வேறொருவர் பெயர் போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

முப்பத்து நாலு வயதில் முழங்கால் போதும் என்றது. டீவியில் பார்த்தால், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றதும் கோட் போட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டு அடுத்தவன் விட்ட பிழையைச் சொல்கிறார்கள். எங்கள் கிளப்பில் என்னோடு ஆட்டத்தை விட்டவர்களில் கோல் காப்பாளர் பாலாவிச் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிறார். நடுக்களத்தில் ஆடியவர் கட்டாரில் ஒரு கட்டட வாசலில் காவலுக்கு நிற்கிறார். நான் சொந்த ஊரான பள்ளிவாசல்துறைக்குத் திரும்பி வந்து, மீன்பிடிப் போட்டுகளுக்கு ஐஸ் கட்டி உடைத்துக் கொடுக்கும் கடை போட்டேன். சண்டை முடிந்து கடலில் இருந்த தடைகள் எடுபட்ட காலம். போட்டுகள் கூடின, ஐஸும் விற்றது.

எங்கள் ஊரில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் ஒரு மெச் நடக்கும். கலியாணம் முடித்தவர்கள் ஒரு பக்கம், முடிக்காதவர்கள் மறு பக்கம். தோற்ற பக்கம் வென்ற பக்கத்துக்கு அடுத்த நாள் பகல் சஹன் சோறு போட வேண்டும். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சோறு. சட்டம் அவ்வளவுதான், வயதைப் பற்றி ஒன்றுமில்லை. ஆகவே கலியாணம் முடிக்காத நான் ஒன்பது வருடமாகப் பொடியன்களோடு ஆடினேன். எங்கள் அணியின் சட்டையில் "இளைஞர்" என்று எழுதியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் இருபத்திரண்டு வயதுப் பொடியன்கள் கைப்பிள்ளையை மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். நான் நாற்பத்து மூன்று வயதில் இளைஞனாக நிற்பேன்.

அந்த ஒன்பது வருடமும் நாங்கள்தான் வென்றோம். பெருமைக்குச் சொல்லவில்லை. பிழைப்புக்காக ஆடிய ஒருவன் பின்னால் நின்றால், மீன் விற்கிறவர்களுக்குப் பந்தை உள்ளே கொண்டுபோவது கஷ்டம். இதில் உண்மையாகக் களைத்துப்போனவர்கள் முடித்தவர்களின் மனைவிமார். வருடா வருடம் பெருநாள் அலுப்போடு முப்பது பொடியன்களுக்குச் சமைப்பது அவர்கள்தான். பத்தாவது வருடம் அவர்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். என்னைத் தோற்கடிக்க முடியாது, கலியாணம் முடித்துவைக்கலாம்.

முடித்தவர்களின் தலைவர் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர், மீன் லொறி வைத்திருக்கிறார். அவர்தான் கடைக்கு வந்தார்.

"மச்சான், பொண்ணு பாத்தாச்சி. நீ வாயே தொறக்க வாணாம். எல்லாம் நாங்க கதைப்பம்."

"ஆரு?"

"தையல் டீச்சர்."

என் கையில் இருந்த ஐஸ் கட்டி காலில் விழுந்தது. லொறிக்காரர் அதை மறுப்பு என்று நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் புத்தி சொன்னார்.

லொறிக்காரருக்குத் தெரியாத விஷயம் இது. தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தில் மூத்த மகள், டீச்சர். முப்பத்தெட்டு வயது. வாப்பா, உம்மாவோடு இருந்து பிள்ளைகளுக்குத் தையல் படித்துக்கொடுக்கிறார். இரண்டு அணிகளின் சட்டைகளையும் தைத்துத் தருவது அவர்தான். ஆறு வருடமாக ஒவ்வொரு பெருநாளுக்கும் முன்னால் என் சட்டையின் கையை நானே பிளேட்டால் கிழித்துக்கொண்டு அங்கே போவேன். அவருடைய உம்மா வாங்கி உள்ளே கொடுப்பார். "எப்ப வேணும்?" என்று டீச்சர் உள்ளேயிருந்து கேட்பார். "அவசரமில்ல" என்பேன். ஆறு வருடத்தில் நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

பெண் கேட்கப் போன அன்று முடித்தவர்கள் ஏழு பேர் என்னோடு வந்தார்கள். ஏழு பேரும் பயிற்சி முடித்த கையோடு, காற்சட்டைக்கு மேல் சாரம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் கையில் பந்து. நான் கடைசிக் கதிரையில் இருந்தேன்.

அவருடைய வாப்பா கேட்டார், "மாப்பிளைக்கி என்ன தொழில்?"

லொறிக்காரர் சொன்னார், "ஐஸ் கடை ஹாஜியார். ஆனா முழங்கால் அப்பிடி இரிந்தும் தொண்ணூறு நிமிசமும் ஓடுவாரு."

"எங்க ஓடுவாரு?"

"எங்க வேணுமெண்டாலும்!"

வாப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் பந்து உருண்டு வந்து அவர் கதிரைக்குக் கீழே நின்றது.

"நிக்காஹ் எப்ப வெக்கிற யோசன?"

"மெச் வர்ற வெள்ளி. அதுக்கு முந்தி வெச்சா நல்லம்," என்றார் லொறிக்காரர். பக்கத்தில் இருந்தவர் காலில் மிதித்தும் அவர் நிறுத்தவில்லை. "விருந்து பொறகு வெக்கலாம். பேர் மட்டும் இந்தப் பக்கம் வந்தாப் போதும்."

வாப்பா எழுந்தார். குனிந்து பந்தை எடுத்து லொறிக்காரர் கையில் கொடுத்தார். "எங்கட புள்ள மெச்சுக்கு ஆள் சேக்கிற சாமான் இல்ல. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வந்தோம். சீனி கூடியிருந்தது என்று ஒருவர் வழியில் குறை சொன்னார்.

எங்கள் அணித் தலைவன் இருபது வயதுப் பொடியன். அன்றைக்கே ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். அண்ணனை எங்கள் ஊரில் நானா என்போம். "அல்ஹம்துலில்லாஹ் நானா! நீங்க முடிச்சிருந்தா எங்கட டீம் மவுத்து!"

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆறு வருடமாகப் போய்வந்த வாசல் மூடிவிட்டது. மூடியது என் வாயால்கூட இல்லை. மூன்றாம் நாள், மன்னிப்புக் கேட்பதற்காகக் கிழியாத சட்டையோடு போனேன். உம்மா விறாந்தையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது.

"இந்தத் தரம் கிழிக்க மறந்திட்டீங்களா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆறு வரியமும் ஒரே இடத்தில, கோடு போட்ட மாதிரி நேர். ஆட்டத்தில இழுபட்டா அப்பிடிக் கிழியாது."

உம்மா வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கி வந்தது..." என்றேன்.

"அண்டைக்கி வந்தவங்களுக்குத் தேவ ஒரு ஆட்டக்காரன். உங்களுக்கு என்ன தேவ எண்டு நீங்க சொல்லவே இல்லயே. மெச் முடியட்டும். பொறகும் அந்த எண்ணம் இரிந்தா வாங்க. தனிய வாங்க."

வெளியே வந்த பிறகுதான் "தனிய வாங்க" என்றதன் பாரம் புரிந்தது. எங்களில் பெண் கேட்கப் பெரியவர்கள் போவார்கள். மாப்பிள்ளை வாய் திறக்கத் தேவையில்லை. என்னைப் போன்றவர்களுக்காகவே அந்த வழக்கம் உண்டானது என்று நான் நினைத்திருந்தேன். இப்போது நானே போய், நானே சொல்ல வேண்டும். லொறிக்காரரிடம் துணை கேட்கவும் முடியாது. கேட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டார். "இனி இந்த வரியத்துக்கு ஒதவாது மச்சான், அடுத்த பெருநாளுக்கு முந்தி வேற பாப்பம்" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மெச். மூன்றுக்கு ஒன்று, நாங்கள் வென்றோம். அந்த ஒரு கோலும் என் பிழை. பந்து பக்கத்தால் போகும்போது நான் மனதுக்குள் "உங்கட மகள" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் அடித்ததும் பொடியன்கள் என்னைத் தூக்க வந்தார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்தால் தைரியம் தண்ணீரோடு போய்விடும் என்று தெரியும். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புழுதியோடு நேரே நடந்தேன்.

வாப்பா முற்றத்தில் நின்றார். ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார். பேச்சு வராததால் இன்னொரு தரம் ஸலாம் சொன்னேன். அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"பெரியவங்க ஒருத்தரும் வரல்லயா?"

"இல்ல."

"ஆரு வெண்டது?"

"முடிக்காதவங்க."

"ம்."

கண்ணை மூடிக்கொண்டு, "நான் உங்கட மகள..." என்றேன்.

அந்த இடத்தில் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது.

பாங்கு சொல்லும்போது பேசக்கூடாது. அவர் தலை குனிந்து பதில் சொல்லிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். பாதி வசனம் வெளியே, பாதி உள்ளே. பாங்கு சொல்லும் எங்கள் முஅத்தின் நல்ல குரல் உள்ளவர், நிதானமாக இழுத்துச் சொல்வார். அன்று போல நீளமாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. முடிந்ததும் வாப்பா துஆ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டார்.

"ம், மகள?"

"கலியாணம் முடிக்க விரும்புறன். என்னய ஒருத்தரும் அனுப்பல்ல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே திரும்பினார். "மகள், கேட்டிச்சா?"

"கேட்டது வாப்பா. ஓமெண்டு சொல்லி அனுப்புங்க. தொழுகைக்கி நேரமாகுது."

மறுநாள் காலை வாப்பா கடைக்கு வந்து, பள்ளிவாசலில் சொல்லிவிட்டதாகவும் நிக்காஹ் அடுத்த மாதம் என்றும் சொன்னார். அன்று மூன்று போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றினேன்.